தோபின்யி ஏன் அகல அகலமா வரைஞ்சார்?

கேள்வி: சார், போன தடவை வான்கோ பத்தின பதில்ல போற போக்குல 'தோபின்யி ஸ்டைல் அகலப் படம்'னு சொல்லிட்டு தாண்டிப் போயிட்டீங்க. யார் இவர், ஆயுசு பூரா ஏன் அந்த வடிவத்தையே பிடிச்சுக்கிட்டு இருந்தார்? போன்ல பனோரமா எடுக்கிற மாதிரி நிறைய விஷயத்த அடக்கத்தானா?

பதில்: சரியா பிடிச்சுட்டீங்க, இடம் பத்தலன்னு நான்தான் நழுவிட்டேன்.

சார்ல் ஃபிரான்சுவா தோபின்யி ஒரு பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர், 1817ல பாரீஸ்ல பொறந்து 1878ல அங்கயே காலமானவர். அப்பல்லாம் பிரான்ஸ்ல கேன்வாஸ் ரெடிமேடா நம்பர் போட்டு வரும், ஆளை வரைய ஒரு வடிவம், நிலக்காட்சிக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணு, இதுல கடல் சைஸ்தான் இருக்கிறதுலயே அகலம், அதுவும் உயரத்தப் போல சுமார் ஒன்றரை மடங்குதான். நம்மாளுக்கு அது பத்தல. எல்லாப் படத்தையும் அப்படி வரையல, ஆனா திரும்பத் திரும்ப ரெண்டு மடங்கு அகலத்துக்கே வந்து நிப்பார். அவரோட 'வசந்தம்' (1857) படம் அந்தக் கணக்குதான்.

அதே 1857லதான் ஒரு படகு வாங்கி, மேல கேபின் கட்டி, அதையே ஸ்டூடியோ ஆக்கிட்டார். மகன் கார்ல் கூடப் போவான், நண்பரான ஓவியர் கொரோவுக்கு 'அட்மிரல்' பட்டம் வேற, செம ஜாலி கோஷ்டி. வாஸ் ஆத்துல மெதுவா போய்க்கிட்டே வரையறது. என்னைக் கேட்டா அகலத்துக்கு பாதிக் காரணம் அவர் உக்காந்திருந்த இடம்தான். படகுல உக்காந்து பாருங்க, கண்ணு தண்ணிக்கு கொஞ்சம்தான் மேல இருக்கும், எதிர்க்கரை ஒரு மெல்லிசு பட்டையா நீண்டுக்கிட்டே போகும், உயரமா காட்ட ஒண்ணுமே இருக்காது. அதைக் கொண்டுபோய் சதுரத்துல போட்டா மிச்ச இடத்த வானத்தையும் தண்ணியையும் வச்சு ரொப்பணும்.

ஆனா போன் பனோரமா வேற கதைங்க. அது கிடைச்சதையெல்லாம் ஒரே மாதிரி தச்சு வச்சிடும், கண்ணு எங்க இறங்குறதுன்னு தெரியாம அலையும். தோபின்யி அடக்கல, விட்டுட்டார். அவரோட ஆத்துப் படம் பலதுல ஒரு பக்கம் மரமும் கரையும் இருட்டா கனமா இருக்கும், இன்னொரு பக்கம் போகப் போக தண்ணியும் வெளிச்சமும் மட்டும்தான், நடுவுல நாலு வாத்து, அதுவும் கிட்டப் போய்ப் பாத்தா ரெண்டு ரெண்டு தீத்தல்தான். கனமான பக்கத்துல ஏறின கண்ணு தன்னால வெளிச்சத்துக்கு நகரும், படகு நகர்ற வேகத்துலயே. இதைப் பாத்துட்டு கோத்தியேங்கிற விமர்சகர் 1861ல, வெறும் 'இம்ப்ரெஷனோட' நிறுத்திக்கிறார், விவரமா வரையறதில்லன்னு குறைப்பட்டார். பதிமூணு வருஷத்துல அந்த வார்த்தையே 'இம்ப்ரெஷனிஸ்ட்'னு ஒரு ஓவியர் கூட்டத்துக்கே பேரா ஆச்சு!

கேள்வி: அப்ப வான்கோ இவர்கிட்ட கத்துக்கிட்டாரா?

பதில்: நேர்ல இல்லங்க. தோபின்யி செத்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் வான்கோ ஓவியராகவே முடிவெடுக்கிறார். 1890 மே மாசம் தோபின்யி வீடு கட்டி வாழ்ந்த ஓவெர் ஊருக்கு வந்து சேர்றார், அப்ப விதவை மனைவி அங்கதான் இருக்காங்க. அந்த வீட்டுத் தோட்டத்த மொதல்ல ஒரு சின்ன சதுரமா வரைஞ்சார், கையில கேன்வாஸ் இல்லாம ஒரு துடைக்கிற துண்டு மேலயே. அப்புறம் அதே தோட்டத்த அகலமா ரெண்டு தடவை. 50க்கு 100 சென்டிமீட்டர் அளவுல மொத்தம் 13 படம், அதுல ஒண்ணு மட்டும் நிமித்தி வச்சு பியானோ வாசிக்கிற பொண்ணு.

இந்த 13ல காக்கா பறக்கிற கோதுமை வயல் படம் எல்லாருக்கும் தெரியும். நீங்க 'மர வேர்கள்' பாருங்க, ஜூலை 29ல சாகறதுக்கு முன்னாடி கடைசியா வரைஞ்சது. தோபின்யி எதுக்காக அந்த அகலத்த எடுத்தாரோ அந்த தொடுவானமே அதுல இல்ல, வானம் இல்ல, தண்ணி இல்ல, இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் நீல நீலமா வேரும் மண்ணும்தான்.