மரப்பலகையில் கறுப்பு: பூஞ்சையா, இரும்புக் கறையா?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கையால் செய்த மரக்கரண்டி நான்கும் காய் நறுக்கும் பலகை ஒன்றும் கோடையில் வாங்கினேன். ஐப்பசி மழை தொடங்கியதும் கரண்டிகளில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பலகை நடுவில் குழிந்துவிட்டது. மாமியாரின் பழைய அருவாமனையிலும் கறுப்பு. தேங்காய் எண்ணெய் தடவலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிடவா?"

இப்போதைக்குத் தூக்கிப் போடாதீர்கள். அருவாமனையில் இருக்கும் கறுப்பும் கரண்டியில் இருக்கும் கறுப்பும் ஒன்றல்ல என்பது என் சந்தேகம்.

அருவாமனையில் அலகு பலகைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றித்தானே கறுப்பு அதிகம்? வாழைப்பூ நறுக்கினால் கத்தி எப்படிக் கறுத்துப்போகிறது, கிட்டத்தட்ட அதே கதைதான். கருவேலம் போன்ற மரங்களில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரத்தோடு இரும்பு அதைத் தொட்டால் நீலம் ஓடிய கறுப்பு பிடிக்கும். கடுக்காயில் மை செய்ததும் இதை வைத்துத்தான். காசிமேட்டுக் கடற்காற்றில் ஜன்னல் கம்பி படும் பாடு உங்களுக்குத் தெரியும். அலகு மட்டும் தப்புமா?

சோதித்துப் பார்ப்பது சுலபம். எலுமிச்சை மூடியில் கொஞ்சம் உப்பைத் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிஷம் விடுங்கள். கறுப்பு வெளுத்தால் இரும்புக் கறை. அதனால் கெடுதல் இல்லை. அசையாமல் அப்படியே இருந்தால் பூஞ்சையாக இருக்கும். இரண்டில் எதுவானாலும், கழுவித் துடைத்து அலகைக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிடுங்கள்.

கரண்டிக்கு வருவோம். கழுவியதும் எங்கே வைக்கிறீர்கள்? எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பதாக இருந்தால், அதுதான் காரணம். மரத்தின் வெட்டுமுனை, அதாவது இழைகள் குறுக்கே அறுபட்ட முனை, உறிஞ்சுகுழல் மாதிரி. டம்ளர் அடியில் நிற்கும் நான்கு சொட்டு நீரையும் குடித்துவிடும். மரத்தில் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மழைக்காலத்தில் மூடிய அலமாரிக்குள் அந்த அளவுக்கு இறங்குவது கஷ்டம். கரண்டிகளை ஆணியில் தொங்கவிடுங்கள். வந்துவிட்ட பூஞ்சைக்கு, வெள்ளை வினிகரால் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, 120 நம்பர் உப்புத்தாளிலும் பிறகு 220-லும் தேய்த்து எடுக்கலாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியில் உட்கார்ந்து தேயுங்கள். நகத்தால் அழுத்தினால் மரம் உள்ளே போகிறதா? அந்தக் கரண்டி மட்டும் போகட்டும்.

மழை விட்டதும் எல்லாவற்றையும் மொட்டைமாடி வெயிலில் பரப்பும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வடகத்துக்குச் சரி, மரத்துக்கு வேண்டாம். முனைகள் முதலில் காய்ந்து சுருங்கும், நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும், விரிசல் விழும். என் கடைசல் பட்டறையில் வெடித்துத் திரும்பி வரும் சாமான்களில் பாதி இப்படி வெயில் குடித்தவைதான்.

பலகை வளைந்ததும் இதே கணக்கு. நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அகலவாக்கில் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். படுக்க வைத்த பலகையின் மேல்பக்கம் காய்கிறது, அடிப்பக்கம் மேடையில் ஒட்டி ஈரமாகவே கிடக்கிறது. அப்போது மேலே குழியும். குழிந்த பக்கத்தின் மேல் ஈரத்துணியை விரித்து, அம்மிக்கல் போல கனமான எதையாவது ஏற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். பெரும்பாலும் நேராகிவிடும். அப்புறம் கழுவும்போதெல்லாம் இரண்டு பக்கத்தையும் நனையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். பிசுக்கேறிச் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது, அவசரத்துக்குத் தடவலாம். நான் சொல்வது மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். ஆமாம், மலச்சிக்கலுக்குக் கொடுப்பார்களே, அதேதான்! தண்ணீர் மாதிரித் தெளிவாக இருப்பதை வாங்குங்கள். பால் மாதிரி இருப்பதில் வேறு மருந்தும் கலந்திருக்கும். நன்றாகக் காய்ந்த மரத்தில் தாராளமாகத் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் துடையுங்கள். வெட்டுமுனையில் இரண்டு தரம். மரம் வெளிறித் தெரியும்போது மறுபடி தடவினால் போதும். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் வேலைக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயைச் சமையல் சாமானில் தடவாதீர்கள். சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

மீன் நறுக்க இந்தப் பலகை ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் அந்தக் கேள்வி வராமல் போகாது. கறிக்கடைகளில் புளியமரக் கட்டையைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுனை மேலே இருக்கும்படி போட்டிருப்பார்கள். கத்தி இழைகளுக்கு நடுவே இறங்குவதால் மேல்பரப்பு அவ்வளவாகச் சிதையாது. உங்களுடையது நீளவாக்குப் பலகை, வெட்டுத்தடம் ஆழமாக விழும். மீனுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொண்டு, நறுக்கிய உடனே சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவி நிறுத்துங்கள். இரவு முழுக்க சிங்க்கில் ஊறவிட வேண்டாம்.