எடை குறைய எத்தனை மணி நேரம் ஓடுவது?

கேள்வி: எனக்கு வயது 38, எடை 82 கிலோ. மூன்று மாதங்களாக வாரத்தில் ஆறு நாள், தினமும் ஒன்றரை மணி நேரம் டிரெட்மில்லில் நடப்பதும் ஓடுவதுமாக இருக்கிறேன். முதல் மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. அதன் பிறகு எடை அசையவே இல்லை. சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் தினமும் 800 கலோரிக்கு மேல் செலவானதாகக் காட்டுகிறது. பயிற்சியை இரண்டு மணி நேரமாகக் கூட்டலாமா?
– ஒரு வாசகி

பதில்: கூட்ட வேண்டாம். இப்போது செய்வதையே சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்வேன். எடை இறங்காமல் நிற்கும்போது இது விசித்திரமான யோசனையாகத் தோன்றும் என்பதால், கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

82 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 285 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரத்தை நாற்காலியில் சும்மா உட்கார்ந்து கழித்திருந்தாலும் சுமார் 80 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், நடையினால் கிடைத்த உண்மையான ஆதாயம் 200 கலோரியை ஒட்டியதுதான். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. ஆகவே நடையை மட்டுமே நம்பி ஒரு கிலோவைக் கரைக்க, முப்பத்தேழு மணி நேரத்துக்கு மேல் நடந்தாக வேண்டும். ஓட்டத்தில் இந்த நேரம் வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. ஆனால் அதிக எடையைத் தாங்கும் முழங்கால்கள் எவ்வளவு ஓட்டத்துக்கு இடம் கொடுக்கும் என்பது வேறு விஷயம்.

உங்கள் கைக்கடிகாரத்தின் 800 கலோரியை நான் நம்பவில்லை. 2017-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் அணியும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் ஆறு இதயத் துடிப்பை ஐந்து சதவீதத்துக்குள்ளான பிழையுடன் கணக்கிட்டன. கலோரிக் கணக்கிலோ, இருப்பவற்றில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம் தவறியது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'இன்று இவ்வளவு செலவழித்தோமே' என்று ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், தேக்கத்துக்கான காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை.

பயிற்சியை இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான், ஆனால் உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓரளவு அதிக எடை கொண்ட, உடலுழைப்புப் பழக்கமில்லாத இளைஞர்களில் ஒரு பிரிவினர் தினமும் 300 கலோரி செலவாகும் அளவுக்கும், மற்றொரு பிரிவினர் 600 கலோரி செலவாகும் அளவுக்கும் பதின்மூன்று வாரங்கள் பயிற்சி செய்தார்கள். முதல் பிரிவினர் சராசரியாக 3.6 கிலோவும், அவர்களைப் போல இரு மடங்கு உழைத்தவர்கள் 2.7 கிலோவும் குறைந்தார்கள்; கொழுப்பின் இழப்பு இரு பிரிவிலும் ஏறக்குறைய நான்கு கிலோ.

கூடுதல் உழைப்பு எங்கே போயிற்று? பசி கூடி, அறியாமலேயே உணவு கூடுகிறது என்பது ஒரு பகுதி. ஒன்றரை மணி நேரம் ஓடிய களைப்பில் மிச்ச நாள் முழுவதும் உட்கார்ந்தே கழிவது இன்னொரு பகுதி; படியேற வேண்டிய இடத்தில் லிஃப்ட்டைத் தேடுவதை யாரும் குறித்து வைப்பதில்லை. மூன்றாவதாக, செலவு கூடும்போது உடல் வேறு இடங்களில் சிக்கனம் செய்வதாகவும் தெரிகிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கும் கனியும் சேகரித்தும் வாழும் ஹாட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஹெர்மன் போன்ட்சர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டபோது, உடல் அளவைக் கணக்கில் கொண்டால் அது மேலைநாட்டவரின் செலவிலிருந்து வேறுபடவில்லை என்பதே முடிவாக இருந்தது. இந்தச் சிக்கனம் எந்த அளவுக்கு நிகழ்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது.

இனி, எவ்வளவுதான் செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியையோ, 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சியையோ பரிந்துரைக்கிறது; அத்துடன் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. நீங்கள் 540 நிமிடம் செய்கிறீர்கள், அதுவும் வலுப்பயிற்சி எதுவுமின்றி. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 45 நிமிடம் என்று அமைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தில் இரண்டு நாள் பளு தூக்குதல் அல்லது உடலின் எடையையே சுமையாகக் கொண்ட பயிற்சிகளைச் செய்யுங்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க வலுப்பயிற்சியும் போதிய புரதமும் உதவுவது போல ஓட்டம் உதவாது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வாக இருக்கட்டும்.

உணவைத் தொடாமல் எடையை இறக்கும் முயற்சிதான் உங்கள் திட்டத்தின் பலவீனம். தினமும் 300 முதல் 500 கலோரியை உணவில் குறைப்பது, அதே அளவை ஓடிச் செலவழிப்பதைவிடப் பலருக்கும் எளிது. ஆயினும் கார்டியோ (நடை, ஓட்டம் போன்ற பயிற்சி) வீண் என்று பொருள் கொள்ள வேண்டாம். எடை மேடையில் முள் நகராதபோதும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பு அதனால் குறைகிறது. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். காலையில் எழும்போது நாடித் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருப்பது, தூக்கம் கெடுவது, மாதவிடாய் தவறுவது, கால் வலி ஆறாமல் நீடிப்பது ஆகியவை பயிற்சி மிகையாகிவிட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மாதவிடாய் தொடர்ந்து தவறினால் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவ உதவி பெறுங்கள்.

கேள்வி: மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு கரையும், வேகமாக ஓடினால் கரையாது என்று ஜிம்மில் ஒருவர் சொன்னார். டிரெட்மில்லிலும் கொழுப்பு கரையும் வேகம் என்று ஒரு பகுதியைக் குறித்திருக்கிறார்களே?
– ஒரு வாசகர்

பதில்: பாதி உண்மையை வைத்துக் கட்டிய நம்பிக்கை இது. மெதுவான நடையில் உடல் எரிக்கும் எரிபொருளில் கொழுப்பின் பங்கு அதிகம், வேகம் கூடக் கூட மாவுச்சத்தின் பங்கு கூடும் என்பது சரி. ஆனால் வேகமான பயிற்சியில் மொத்தச் செலவு அதிகம். அன்றி, பயிற்சியின்போது மாவுச்சத்தை எரித்தவரின் உடல் மற்ற நேரத்தில் அதற்கு ஈடாகக் கொழுப்பை எரித்துக்கொள்ளும். மாதக் கணக்கில் எடையைத் தீர்மானிப்பது உண்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசமே. வேகத்தைத் தேர்ந்தெடுக்க இயந்திரத்தின் குறியைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. பேச முடிந்து, பாட முடியாமல் மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தால் கடும் வேகம். வாரத்தின் பெரும்பகுதியை முதல் வகையில் கழித்து, உடல் பழகிய பிறகு இரண்டாவதை ஒன்றிரண்டு நாள் சேர்த்துக்கொள்வது போதும்.

கேள்வி: பதினொரு கிலோ குறைத்து, நினைத்த எடைக்கு வந்துவிட்டேன். இனி நடையை நிறுத்தலாமா?
– மற்றொரு வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம். எடையைக் குறைப்பதில் பயிற்சியின் பங்கு சிறிது. குறைந்த எடையைத் தக்கவைப்பதில் அதன் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இருப்பவர்கள், குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டுக்கு மேல் அப்படியே காத்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறார்கள், அதிகமாகச் செய்வது நடைதான். பதினொரு கிலோ குறைந்த உங்கள் உடலுக்கு இப்போது முன்பைவிடக் குறைந்த ஆற்றலே போதும்; பழைய பசி மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த இடைவெளியை முழுவதும் உணவைக் குறைத்தே சமாளிப்பது சிரமம் என்பதால், நடக்கும் நேரத்தை இப்போதுள்ளபடியே வைத்துக்கொண்டு, உணவில் மட்டும் சற்றுத் தளர்வு கொடுத்து, சில வாரங்கள் எடையைக் கவனித்துப் பாருங்கள்.