மஞ்சள் கடுதாசி

தம்பி, அடுத்த மாதம் ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட் நகருக்கு வருகிறேன், பெட்டியில் என்ன எடுத்து வரலாம், சின்ன அறையில் சாமானை எப்படி அடுக்குவது, தபாலில் வரும் காகிதங்களை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். குக்கர் எடுத்து வாருங்கள். சாமான் தானாக அடங்கும். காகிதம் அடங்காது, அதில் அடி வாங்கியவன் நான்.

குடிபுகுந்த 2 வாரத்துக்குள் ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பிக்கும்: வரி எண், காப்பீடு, டிவியே இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம். நம்மவர்கள் பலர் கடிதத்தின் முதல் வரியை போனில் மொழிபெயர்த்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் போடுவார்கள். கேட்டால் 'எல்லாம் ஆன்லைன்தானே' என்பார்கள். ஜெர்மனியிலா!

நானும் அப்படித்தான் இருந்தேன். 2009-ல் வந்து ஒரு செல்போன் ஒப்பந்தம் போட்டேன். காசு கட்டாமல் விட்டால் அது முடிந்துவிடும் என்று நினைப்பு. எழுதிக் கொடுத்து ரத்து செய்யாததால் அது தானே ஒரு வருடம் நீண்டுவிட்டது. ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் தபால் பெட்டியில் மஞ்சள் கவர். நம்ம ஊரில் மஞ்சள் கடுதாசி என்றால் திவால். இங்கே நீதிமன்றத் தாக்கீது, செல்போன் பாக்கியைக் கட்டச் சொல்லி. ஆட்சேபிக்க 2 வாரம் என்று உள்ளே இருந்தது. கவரைக் கிழித்து எறிந்துவிட்டு, இன்றிலிருந்து 2 வாரம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியிலிருந்துதான் கணக்காம். அந்தத் தேதியை அவர் எழுதுவது, நான் எறிந்த கவர் மேல். செலவோடு சேர்த்துக் கட்டினேன்.

கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன்தான், "தம்பி, கவரையும் எறியாதேங்கோ" என்று தன் அலமாரியைத் திறந்து காட்டினார். எண்பதுகளில் அகதியாக வந்த நாள் முதல் ஒரு காகிதம் விடாமல், முதுகில் வருடம் எழுதிய தடிமனான ஃபைல்கள். மறுநாளே ஓட்டை போடும் மெஷின் வாங்கினேன். இப்போது என்னிடம் பன்னிரண்டு ஃபைல். சம்பளச் சீட்டை மட்டும் பென்ஷன் வரும்வரை எறிவதில்லை.

முக்கியமானதை விட்டுவிட்டேன். தபால் பெட்டியில் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பதை ஒட்டுங்கள். நமக்கு அது அப்பா பெயர். நான் என் பெயரை மட்டும் ஒட்டி, முதல் மாதக் கடிதங்கள் எல்லாம் திரும்பிப் போயின. அப்பா ஒருமுறை இங்கே வந்திருந்தபோது முதல் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எனக்கு எதுக்குடா இவன் கரண்ட் பில் அனுப்பியிருக்கான்?" என்றார்.