ஆசை இருக்கிறது, வலிதான் தடுக்கிறது

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாகத் தாம்பத்திய உறவின்போது கிழிவதுபோல் எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், போதவில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பும் வருகிறது. சுத்தம் குறைவோ என்று கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவுகிறேன். நான் விலகிப் படுப்பதை வெறுப்பு என்று கணவர் நினைக்கிறார். “இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?” என்கிறார் அக்கா.
- பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் கிருமிநாசினியை இன்றே நிறுத்துங்கள். உங்களிடம் சுத்தக் குறைவு எதுவுமில்லை. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததால் யோனியின் உட்சுவர் மெலிந்து, ஈரம் வற்றியிருக்கலாம். அங்குள்ள அமிலத்தன்மையும் குறையும். காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அருகிவிடும். சிறுநீர் வழிக்கும் இதே கதிதான். அதனால் உறவில் எரிவதற்கும் நீர்க்கடுப்புக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும். கிருமிநாசினியும் சோப்பும் மெலிந்த தோலை மேலும் புண்ணாக்கும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே எதுவும் வேண்டாம்.

உடல் திடீரென்று சூடாகி வேர்ப்பது பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். இந்த வறட்சி அப்படியல்ல, கவனிக்காமல் விட்டால் கூடும்.

மருந்துக்கடையில் இரண்டு வகை ஜெல் உண்டு. பலரும் ஒன்றை மற்றொன்றாக எண்ணி வாங்குகிறார்கள். மாய்ஸ்சரைசர், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரவில் உள்ளே வைப்பது. லூப்ரிகன்ட், அந்த நேரத்துக்கு மட்டும். அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல் யோனி வாசலிலும் கணவரின் உறுப்பிலும் தடவுங்கள், காய்ந்தால் மறுபடி தடவுங்கள். நீர் சார்ந்தது சீக்கிரம் காயும், சிலிகான் சார்ந்தது நீடிக்கும். வாசனை சேர்த்ததும் ‘சூடேற்றும்’ என்று விற்பதும் வேண்டாம்; கிளிசரின் அதிகமுள்ளதும் சிலருக்கு எரியும். தேங்காய் எண்ணெய் உரசலைக் குறைக்குமே தவிர, மெலிந்த சுவரைத் தேற்றாது. லேடெக்ஸ் ஆணுறையோடு அதைச் சேர்க்கவே கூடாது, உறை கிழியக்கூடும்.

உங்களுக்கு நீர்க்கடுப்பும் திரும்பத் திரும்ப வருவதால், ஜெல்லோடு நிற்காமல் யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) மாத்திரை என்றால், வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை. படுத்துக்கொண்டு, கீழ்முதுகை நோக்கிச் சாய்த்து வைத்தால் எளிதாகப் போகும். முழுப்பலன் தெரிய 12 வாரம்வரை ஆகலாம். பத்தே நாளில் ‘பலனில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) தொடங்கலாம்; அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் “வஜைனல் டிரைனஸ்” என்ற இரண்டு சொல் போதும், அவர் புரிந்துகொள்வார். நீர்க்கடுப்புக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கிருமியே இல்லாமல் வறட்சியாலும் எரியும். அதற்கு ஆன்டிபயாட்டிக் வீண்.

வலியைப் பொறுத்துக்கொண்டு உறவு கொள்ளாதீர்கள். வலிக்கும் என்று அஞ்சி இடுப்படித் தசை தானாக இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். மருந்து பிடிக்கும்வரை உட்புகுத்தல் இல்லாமல் அணைப்பும் தொடுதலும் போதும். பிறகு நீங்கள் மேலே இருந்தால் ஆழமும் வேகமும் உங்கள் கையில். சுவர் தேறியும் இறுக்கம் போகவில்லை என்றால் பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட் உதவுவார்.

கணவரிடம் இதைப் படுக்கையில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் வீட்டில் இல்லாத பகல் வேளையிலோ, சாப்பிட்டபின் புளோக்குக்குக் கீழே நடக்கும்போதோ சொல்லுங்கள்: “உங்களைப் பிடிக்காமல் இல்லைங்க, உள்ளே காய்ந்து வலிக்கிறது, மருந்து இருக்கிறது.” அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், வறட்சிதான் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். வெளித்தோலில் வெள்ளைத் திட்டும் ஓயாத அரிப்பும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு. கருப்பைவாய்ப் புற்றுநோய் அபாயத்தைக் கண்டறிய ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் எச்பிவி பரிசோதனையை வலிக்குப் பயந்து தள்ளிப்போட்டிருந்தால், சிறிய அளவுக் கருவியைப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.