15 எழுத்தாகச் சுருங்கிய பில்

கேள்வி: அண்ணனின் மளிகைக் கடைக்காக ஜாவாஸ்கிரிப்டில் பில் போடும் பக்கம் ஒன்று எழுதினேன். பாதியில் கரண்ட் போனாலும் பில் அழியக் கூடாது என்று, பிரௌசருக்குள்ளேயே தகவலை வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கிறேன். திரும்ப எடுத்தால் ‘[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]’ என்று மட்டும் வருகிறது. சேமிப்பதற்கு முந்தின வரியில் பிரௌசரின் சோதனைத் திரையான கன்சோலில் போட்டுப் பார்த்தால் எல்லாப் பொருளும் சரியாக இருக்கின்றன. எர்ரரும் இல்லை. பழைய பில்களை மீட்க முடியுமா?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீட்க முடியாது. பில்லில் அரிசி, பருப்பு, எடை, விலை என்று 40 வரி இருந்திருந்தாலும், சேமிப்பில் போய் உட்கார்ந்தது அடைப்புக்குறியும் இடைவெளியும் சேர்த்து ஆங்கிலத்தில் 15 எழுத்துதான். அதற்குப் பின்னால் பில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை.

லோக்கல் ஸ்டோரேஜ் ஸ்ட்ரிங்கை, அதாவது வெறும் எழுத்துத் தொடரை, மட்டுமே வைத்துக்கொள்ளும். நீங்கள் பல விவரங்களைச் சேர்த்துக் கட்டிய ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தபோது பிரௌசர் மறுக்கவில்லை. ஸ்ட்ரிங்காக மாற்றித் தரும் டூஸ்ட்ரிங்கைத் தானே கூப்பிட்டு, வந்ததைச் சேமித்துவிட்டது. சாதாரண ஆப்ஜெக்ட்டின் டூஸ்ட்ரிங் உள்ளே இருப்பதைத் தொடுவதே இல்லை; இது என்ன வகை என்று மட்டும் சொல்லும். அரிசி மூட்டையின் மேல் ‘மூட்டை’ என்று சீட்டு ஒட்டி, மூட்டையை விட்டுவிட்டு சீட்டை மட்டும் குடோனுக்கு அனுப்பிய கதைதான் நடந்திருக்கிறது.

கன்சோலில் சரியாகத் தெரிந்ததுதான் உங்களை ஏமாற்றியது. கன்சோல் லாக் ஆப்ஜெக்ட்டை அப்படியே வாங்கி விரித்துக் காட்டும், ஸ்ட்ரிங்காக மாற்றாது. அதே இடத்தில் ‘பில்: ’ என்ற சொல்லோடு கூட்டல் குறி போட்டு ஒட்டிப் பாருங்கள், அங்கேயும் அந்த 15 எழுத்துதான் வரும். இப்படிப்பட்ட பிழையைத் தேடும்போது கன்சோலை மட்டும் நம்பாதீர்கள். பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து, உண்மையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

கூட்டல் குறி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை அங்கேதான் மாட்டுவீர்கள். ஒரு ஆப்ஜெக்ட்டை ஸ்ட்ரிங்கோடு கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் முதலில் ஆப்ஜெக்ட்டின் அடிப்படை மதிப்பைத் தரும் வேல்யூஆஃப் என்பதைக் கேட்கும். அது தருவதும் ஆப்ஜெக்ட்டாகவே இருந்தால்தான் டூஸ்ட்ரிங்குக்குப் போகும். பேக்டிக் (`) குறிக்குள் எழுதி, நடுவே மதிப்பைச் செருகும் டெம்ப்ளேட்டில் வரிசை தலைகீழ், டூஸ்ட்ரிங்தான் முதலில். விலைக்கென்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுக்கான அச்சு) எழுதி, வேல்யூஆஃப் 250 என்றும் டூஸ்ட்ரிங் ‘₹250’ என்றும் தருவதாக வையுங்கள். கூட்டினால் ‘விலை: 250’, டெம்ப்ளேட்டில் ‘விலை: ₹250’. ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு பதில். தேதி இதற்கும் விதிவிலக்கு: தேதியோடு 1-ஐக் கூட்டினால் நீளமான தேதி வாக்கியத்தின் கடைசியில் 1 ஒட்டிக்கொள்ளும், 1-ஐக் கழித்தால் மில்லிசெகண்டில் ஒரு பெரிய எண் வரும்.

இதைவிட மோசமாக நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். கடன் கணக்குக்காக, வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட்டையே இன்னொரு ஆப்ஜெக்ட்டில் கீயாக, அதாவது தேடி எடுக்கும் பெயராக, போட்டிருந்தேன். கீயும் ஸ்ட்ரிங்காக மாறும் என்பது அப்போது உறைக்கவில்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் அதே 15 எழுத்துதான் கீ. கடைசியாக எழுதியவரின் பாக்கி எல்லார் பெயரிலும் தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பில் வந்த, கீயையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கும் மேப்பைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் இல்லை, ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்டாகவே கீயாக நிற்கும்.

பைத்தான் மொழியில் ஸ்ட்ரிங்கோடு எண்ணையோ டிக்‌ஷனரியையோ கூட்டினால் டைப் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். அதுதான் நேர்மையான வழி என்பது என் கருத்து. ஜாவா மொழி ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ளும், ஆனால் டூஸ்ட்ரிங் எழுதாத கிளாஸுக்குக் கிளாஸ் பெயரும் ‘@’ குறியும் ஒரு ஹெக்ஸ் எண்ணும்தான் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் பிறந்தபோது எர்ரரைப் பிடித்துச் சமாளிக்க டிரை-கேட்ச் கிடையாது, அது 1999-இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. நிறுத்துவதைவிட எதையாவது மாற்றிக் கொடுத்து ஓட்டிவிடும் பழக்கம் அந்த மொழியில் ஆழமாக ஊறிவிட்டது.

இனி உங்கள் புரோகிராம். சேமிக்கும்போது ஆப்ஜெக்ட்டை உள்ளடக்கத்தோடு ஸ்ட்ரிங்காக்கும் ஜேசன் ஸ்ட்ரிஞ்சிஃபை, எடுக்கும்போது அதைத் திரும்ப ஆப்ஜெக்ட்டாக்கும் ஜேசன் பார்ஸ், இரண்டே மாற்றம். ஆனால் பில் தேதியைக் கவனியுங்கள்: போகும்போது தேதியாகப் போனது வரும்போது வெறும் ஸ்ட்ரிங்காகத்தான் வரும், எடுத்தபின் நீங்களே மறுபடி தேதியாக்க வேண்டும். மதிப்பு அன்டிஃபைண்ட் (எதுவும் வைக்கப்படாதது) ஆக இருக்கும் புலங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மேப்பை நேராகக் கொடுத்தால் காலி அடைப்புக்குறிதான் மிஞ்சும். முதலில் அதை அரேயாக, அதாவது வரிசைப் பட்டியலாக, மாற்றிவிட்டுக் கொடுங்கள். வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்டுக்கு மாறினால் ஸ்டோரேஜில் ஆப்ஜெக்ட்டைப் போடும் வரியை அது கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடும், ஆனால் ஸ்ட்ரிங்கோடு கூட்டுவதைக் கேள்வி கேட்காது.

கடைக் கணினியில் அந்தப் பழைய 15 எழுத்து இன்னும் கிடக்கிறது. புதிய புரோகிராம் அதைப் பார்ஸ் செய்யப் போனால் இரண்டாவது எழுத்திலேயே சின்டாக்ஸ் எர்ரர் விழுந்து பக்கம் திறக்காமல் போகலாம். அதனால் சேமிக்கும் கீயின் பெயரை ‘பில்’ என்பதிலிருந்து ‘பில்2’ என்று மாற்றி, பழையதை ரிமூவ் ஐட்டம் போட்டு நீக்கிவிட்டு, அதன்பிறகு அண்ணனிடம் கொடுங்கள்.