ஆயாம்மா பதில்கள்: போத்தலும் காங்கோங் தண்டும்

கேள்வி: வணக்கம் ஆயாம்மா. என் மகனுக்கு நான்கு வயசு. எனக்கு ஃபேக்டரியில் ஷிப்டு வேலை, மாமியார்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். ராத்திரி இனிப்பான கெட்டி டின் பால் கரைத்த போத்தலை வாயில் வைத்தால்தான் தூங்குகிறான். மேல் முன்பற்கள் கறுத்துவிட்டன. காய்கறி தொடமாட்டான். கைப்பேசி இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. மாமியாரிடம் சொன்னால், "விழப்போற பல்லுதானே, நாங்க பிள்ள வளர்க்கலயா?" என்கிறார். என்ன செய்யட்டும்?
ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: "நாங்க வளர்க்கலயா?" இதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா மகளே? பால்மரத் (ரப்பர்) தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவள் நான். பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகும் அம்மாக்கள் இருட்டிலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். டின்னில் இரண்டு ஓட்டை போடுவேன், பால் இறங்க ஒன்று, காற்றுக்கு ஒன்று. சுடுதண்ணீரில் கரைத்து வாயில் வைத்தால் பத்துத் தூளியும் அடங்கிவிடும். என் மூத்தவனையும் அப்படித்தான் வளர்த்தேன். ஆறு வயசுவரை அவன் பல் தெரியச் சிரித்த படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது.

அந்த டின்னைத் திருப்பிப் பார். இப்போது வரும் பலவற்றில் 'கிரிமர்' என்றுதான் போட்டிருக்கும். சீனி, பாமாயில், கொஞ்சம் பால். பாமாயிலுக்காக நம் ஆட்கள் வெட்டின செம்பனைக் குலை எங்கே சுற்றி எங்கே வந்து சேர்கிறது பார்! 1939இலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், கைக்குழந்தைகளுக்கு டின் பாலைத் தள்ளிவிடும் வியாபாரத்தைக் கண்டித்து 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தே பேசினார். இதை மாமியாரிடம் சொல்லிவைக்காதே, வீடு இரண்டாகிவிடும்.

உன் மகனின் கீழ் முன்பற்களைப் பார், அநேகமாக நன்றாகவே இருக்கும். போத்தல் சப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது. தூக்கத்தில் எச்சில் குறைவதால் சீனிப்பால் மேல்பல்லிலேயே தங்கி அரிக்கிறது. முன்பல் ஆறேழு வயசில் விழும், சரி. ஆனால் கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயசுவரை இருந்து சோறு மெல்லவேண்டியது. கறுப்பு தானாகப் போகாது, இந்த வாரமே அரசாங்கப் பல் கிளினிக்குக் கூட்டிப் போ. பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை வைத்து, காலையிலும் படுக்கும் முன்னும் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். நான்கு வயசுக் கைக்கு அந்த வேலை வராது.

போத்தலை ஒரே ராத்திரியில் பிடுங்காதே. மூன்று நாளுக்கு ஒருமுறை டின் பாலைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டு. இரண்டு மூன்று வாரத்தில் வெறும் தண்ணீராகிவிடும், பையனுக்கே சலித்துப்போகும். பசிக்கு, படுக்கும் முன் பல் தேய்ப்பதற்கு முன்பே, சீனி போடாத பாலைக் கோப்பையில் கொடு. நடுவில் இரண்டு ராத்திரி அழுவான். உனக்கு நைட் ஷிப்டு இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பி, இல்லாவிட்டால் அந்த அழுகையை மாமியார்தான் சுமக்க வேண்டும்.

கைப்பேசி விஷயம் சுருக்கம்தான். மூன்று நான்கு வயசுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், மூன்று மணி நேரமாவது ஓடியாடட்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தூங்கட்டும் என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. தோட்டத்தில் திடல் இருந்தது, தாமான் குடியிருப்பில் கார்தான் நிற்கிறது, தெரியும். சோற்று நேரத்தில் மட்டுமாவது கைப்பேசியை அலமாரிமேல் வை. உன்னுடையதையும் சேர்த்துத்தான்.

அப்புறம் காய்கறி. பிறகு தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், உதவிக்கு இருந்தபோது, கீரையைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்ளும் பையன் ஒருவன் இருந்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வேரோடு வாங்கின காங்கோங் கீரையை இலை கிள்ளிவிட்டு, அடித்தண்டை மட்டும் மண்ணில் ஊன்றச் சொன்னேன். நாலைந்து நாளில் துளிர்த்தது. தினமும் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் துளிரை எண்ணுவான். பறித்துக் கழுவி லேசாக வேகவைத்தோம். அதன் தண்டு குழாய்தானே? ஒரு முனையை ரசத்தில் விட்டு உறிஞ்சினான். ஏறவில்லை. கடித்துப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், விழுங்கிவிட்டான். அன்றைக்கு அவ்வளவுதான். பத்துப் பதினைந்து தடவை தட்டில் வந்த பிறகுதான் சில பிள்ளைகள் ஒன்றை ஏற்றுக்கொள்ளும். அதுவரை திட்டாமல் ஒரு துண்டு வைத்துக்கொண்டே இரு. நெத்திலி போட்டு வதக்கினால் சீக்கிரம் உள்ளே போகும்.

தொட்டியெல்லாம் வாங்காதே, பழைய பிஸ்கட் டின் போதும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வேண்டும், அதை மாமியாரையே போடச் சொல். டின்னில் ஓட்டை போட எங்கள் வயசுக்காரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.