கால்வாய்க்கு நிலம் போனால் வீட்டுக்கு ஒரு அரசு வேலை கிடைக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் விராலிமலைப் பக்கம். எங்களுடைய 60 சென்ட் நிலம் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்குப் போகிறது. கொழுந்தனார் குத்தகைக்கு உழும் நிலமும் அதில் வருகிறது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு அரசு வேலை உண்டு, 2 லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனை வரச் சொல்லிவிடலாமா?

பதில்: வரச் சொல்லாதீர்கள் அம்மா. அந்த 2 லட்சத்தையும் கொடுக்காதீர்கள்.

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் வேலை என்ற வார்த்தை இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆட்கள் ஊர் ஊராக வருகிறார்கள். திட்டத்தால் வேலைகள் உருவானால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருடம். சட்டம் சொல்வது இவ்வளவுதான். அந்த வேலைக்கும் குறைந்தபட்சக் கூலிதான் உத்தரவாதம். கால்வாய் வெட்டி முடிந்த பிறகு மதகு பார்க்கவும் கரை பார்க்கவும் எத்தனை பேர் வேண்டும்? உங்கள் வீட்டுக்கு 5 லட்சம்தான் பொருத்தம். அது நிலத்தின் விலையில் சேராது, தனி.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில், நிலம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. நிலம் கொடுத்ததற்கான சான்றிதழைக் காட்டித்தான் 'வேலை உறுதி' என்பார்கள். அது வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்க உதவும், அவ்வளவே.

இன்னொன்று. இழப்பீட்டைக் கூட்டி வாங்கித் தருகிறேன் என்று பவர் பத்திரமோ, வெற்றுத் தாளிலும் காசோலையிலும் கையெழுத்தோ கேட்டால் கொடுக்கவே கூடாது. தொகை குறைவு என்று நினைத்தால் பணம் வாங்கும்போதே 'ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கினால் பிறகு கூடுதல் கேட்டு இந்த மனுவைப் போட முடியாது. தீர்வம், அதாவது இழப்பீடு இவ்வளவு என்ற முடிவு, சொல்லும் நாளில் நீங்கள் அங்கே இருந்தால், அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் கூடுதல் கேட்டு ஆட்சியருக்கு மனு போக வேண்டும். இதற்குத் தரகர் எதற்கு? இந்த நான்கு வரியை கிராம சபையில் ஒரு தடவை வாசித்திருந்தால் பாதித் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. அதைக்கூடச் செய்யாமல் நோட்டீஸ் பலகையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

சரி, மகன் விஷயம். தண்ணீர் வந்தால் ஊரில் வேலை பெருகாதா என்று நினைக்கிறீர்கள். பெருகும், ஆனால் நீங்கள் நினைக்கும் நாளில் இல்லை. இந்தத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூர் கதவணையிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் வெட்ட வேண்டும். வெட்டும் காலத்தில் பொக்லைனும் டிப்பரும்தான் வேலை செய்யும். ஊர் ஆட்களுக்குக் காவல், சமையல் என்று சில மாதம் கிடைக்கும். அதன் பிறகும் இதில் வரப்போவது காவிரியின் வெள்ள உபரி. 2018, 2022 போன்ற வருடங்களில் உபரி நிறைய. 2016, 2017, 2023-ல் மேட்டூர் அணை நிரம்பவே இல்லை.

பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தைப் பாருங்கள். ஆயக்கட்டை, அதாவது பாசனப் பரப்பை, பெருக்கிக்கொண்டே போய் நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். இன்று ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் முறை வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அந்த இடைவெளியில் கூலியாள் எங்கே போவார்? உங்கள் பக்கம் கண்மாய் நிரம்பி, கிணற்றில் நீர் ஏறினால் நடவும் களையும் கூடும். அது பெரும்பாலும் பெண்களுக்கான வேலை. அறுப்புக்கு இயந்திரம் வந்துவிடும். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வர அது போதாது. நிரம்பிய கண்மாயைத் தொடர்ந்து இரண்டு மூன்று வருடம் பார்த்த பிறகு அவன் யோசிக்கட்டும்.

கொழுந்தனாரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் கவலைதான் பெரிது. நிலம் அவர் பெயரில் இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அது தவறு. அந்தப் பகுதியில் 3 வருடமாவது குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கோ உழுது, அதையே முதன்மையான பிழைப்பாக வைத்திருந்து, இந்த நில எடுப்பால் அது போகிறது என்றால் அவரும் பாதிக்கப்பட்ட குடும்பம். விவசாயக் கூலிக்கும் அப்படியே. நிலத்தின் விலை உரிமையாளருக்குப் போகும், ஆனால் மேலே சொன்ன 5 லட்சம் போன்ற மறுவாழ்வுத் தொகையை இவர் தன் பெயரில் கேட்கலாம். வயது வந்தவரைச் சட்டம் தனிக் குடும்பமாகவே பார்க்கிறது என்பதால் உங்கள் குடும்பத்துக் கணக்கிலும் சேர மாட்டார்.

சிக்கல் சாட்சியத்தில்தான். குத்தகை என்பது வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. உரிமையாளரும் எழுதித் தரத் தயங்குவார். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியரிடம் பதிவு செய்திருந்தால் நல்லது. இல்லையென்றால் கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் அவர் பெயர் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். உர ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் நிலையச் சீட்டு என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுக்க வருவார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் ஏற வேண்டும். வரும்வரை காத்திருக்காமல் நில எடுப்புத் தனி வட்டாட்சியரிடம் இப்போதே மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.